ஊத் எண்ணெய்: முதல் துளி போடுகிறவர்களுக்கு

நாகூரில் சின்னதாக அத்தர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் துபாய் தேராவில் பதினோரு வருஷம் ஒரு வாசனைக் கடையில் நின்றவன். “ஊத் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் கேளுங்கள்” என்று போன வாரம் சொன்னேன். வந்ததில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து: பாய், ஊத்துன்னா என்ன? பூவா, மரமா?

மரம். தமிழில் அகில். அசாம், வங்கதேசம் தொடங்கி கம்போடியா, மலேசியா, போர்னியோ வரை வளர்கிறது. நோய் நொடியில்லாத மரத்தில் வாசனையே கிடையாது; வெளுத்த, லேசான கட்டை. காயம்பட்டுப் பூஞ்சணம் ஏறினால்தான் மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கறுப்பாக ஒரு பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின் ஊறிய கட்டையைத் தண்ணீரோடு காய்ச்சி வடிப்பதுதான் ஊத் எண்ணெய். நீங்கள் தினமும் கொளுத்தும் ஊதுபத்தியில் இருக்கிற ‘ஊது’ இந்தச் சொல்தான். ஆனால் பத்தியில் ஊத் இருக்காது!

மயிலாடுதுறையிலிருந்து, தமிழாசிரியர்: பட்டினப்பாலையில் வரும் அகில் இதுதானா?

நல்ல கேள்வி சார். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்த சரக்குகளில் ‘குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்’ என்று வருகிறது. குடமலை என்றால் மேற்கு மலை. அங்கே வெள்ளகில் என்று இன்னொரு மணமுள்ள மரம் உண்டு, அது வேறு குடும்பம். இன்றைக்கு ஊத் கொடுக்கும் மரத்துக்கு நம் நாட்டில் சொந்த ஊர் வடகிழக்கு. அதனால் பெயர் ஒன்று என்பதற்காக மரமும் ஒன்று என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

திருவாரூரிலிருந்து: மச்சான் சவுதியிலேர்ந்து கொண்டாந்தார். மூடியைத் திறந்தா மாட்டுத்தொழுவ வாடை. கெட்டுப்போச்சா அண்ணே?

கெடவில்லை தம்பி. இந்தக் கேள்வி மட்டும் ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அசாம் பக்கத்து முறையில், கட்டையைத் தூளாக்கி, காய்ச்சுவதற்கு முன் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில், தண்ணீரில் ஊறப்போடுவார்கள். புளிப்பேறும். அந்தப் புளிப்புதான் உங்கள் மூக்கில் முதலில் அடித்தது. அரபுக் கடைகளில் இதை ‘ஹிந்தி’ ஊத் என்பார்கள், மதிப்பு அதிகம். தாளடி அறுப்பு முடிந்து, வைக்கோல்போரில் மழை விழுந்து, இரண்டு நாள் கழித்து உள்ளே கைவிட்டால் ஒரு சூடான வாடை வருமே, கிட்டத்தட்ட அதுதான். நம்ம பக்கத்து ஆளுக்கு அது அருவருப்பே கிடையாது, பாட்டிலுக்குள் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவே.

ஒன்று செய்யுங்கள். கண்ணாடிக் குச்சியின் நுனியை எண்ணெயில் தொட்டு, மணிக்கட்டில் ஒரு புள்ளி வையுங்கள். தேய்க்கவேண்டாம். உடனே மோந்து பார்க்கவும் வேண்டாம். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அரைமணி கழித்துப் பதனிட்ட தோலின் வாசனை வரும், பிறகு ஈரமரம். சாயங்காலம் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தால் காய்ந்த திராட்சைபோல, பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல ஒன்று மிச்சமிருக்கும். அதற்குத்தான் காசு. முதல் பத்து நிமிஷத்தில் முகம் சுளித்து மூடி வைத்தவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து: புதுசா ஆரம்பிக்கிறவங்க எதை வாங்கலாம்? பொண்ணுங்க போடலாமா?

தாராளமாகப் போடலாம் தங்கச்சி. அரபு நாட்டுப் பெண்கள் கூந்தலுக்கும் துணிக்கும் ஊத் புகை பிடிப்பார்கள். நம்ம பழைய பாட்டுகளிலும் பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை உண்டு.

முதலில் கம்போடிய வகை பாருங்கள். இனிப்பு, பழவாசனை, முரட்டுத்தனம் குறைவு. ஹிந்தி ஊத்துக்கு ஒரு வருஷம் கழித்து வாருங்கள். கம்போடிய வகையும் தாங்காது என்றால் ரோஜா அத்தரோடு கலந்த ‘முகல்லத்’ வாங்குங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. கால் தோலா போதும். ஒரு தோலா 11.66 கிராம், கடைக் கணக்கில் 12 மில்லி. கால் தோலா 3 மில்லி. தினம் ஒரு புள்ளி வைத்தால் மாதக்கணக்கில் வரும்.

காரைக்காலிலிருந்து: நானா, கல்யாண வீட்டுல போடுற ஊத் புகை வேற மாதிரி மணக்குதே?

கட்டை வேறு, எண்ணெய் வேறு. பிசினில் உள்ள சில பொருள்கள் சூடுபட்டு உடைந்தால்தான் மணக்கும், காய்ச்சி வடிக்கும்போது அவை எண்ணெயில் பெரிதாக இறங்குவதில்லை. அதனால்தான் கட்டையைச் சும்மா மோந்தால் ஒன்றும் தெரியாது, தணலில் வைத்தால் வீடே மணக்கும். தணல் தகதகவென்று இருக்கும்போது வைக்காதீர்கள், கருகிவிடும். மேலே சாம்பல் பூத்த பிறகு வையுங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: அசலா டூப்ளிகேட்டானு வீட்லயே கண்டுபிடிக்க வழி உண்டா?

தண்ணீரில் விடுவது, பேப்பரில் தடவுவது, கொளுத்திப் பார்ப்பது, இதையெல்லாம் நான் நம்புவதில்லை. விலை ஒரு சோதனை: முந்நூறு ரூபாய்க்குக் கால் தோலா அசல் ஊத் யாராலும் தரமுடியாது. நேரம் இன்னொரு சோதனை: காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே வாசனையாக நின்றால் அது பெரும்பாலும் செயற்கை. நல்ல செயற்கை ஊத் போடுவதில் தப்பில்லை, அசல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. நானே தேராவில் சேர்ந்த புதிதில் முதல் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கி ஏமாந்தவன். பாரஃபின் எண்ணெயில் சாயம். கடைசியில் அறைக் கதவு கீலுக்குத்தான் பயன்பட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து: வேர்வையில நிக்குமா?

நிற்கும். கனமான எண்ணெய், மெதுவாகத்தான் ஆவியாகும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மடங்காகத் தெரியும், அதனால் சித்திரை வைகாசியில் ஒரு புள்ளிக்கு மேல் வேண்டாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி, சட்டையில் படக்கூடாது, பழுப்புக் கறை போகாது. தோல் அரிக்கிறதா என்று முழங்கை மடிப்பில் ஒருநாள் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: அகில் கன்னு வச்சா கோடி கிடைக்கும்னு ஒருத்தர் வந்து பேசினார். ரெண்டு மா நிலம் இருக்கு.

அண்ணே, அவசரப்படாதீங்க. கன்று பிழைத்து மரமாவது ஒரு கதை, அதில் பிசின் ஏறுவது வேறு கதை. மரத்தில் துளைபோட்டுப் பூஞ்சண ஊசி ஏற்றவேண்டும், அதற்கும் எல்லா மரமும் ஒரே மாதிரி பிடிகொடுக்காது. அகிலுக்கு வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது; உங்கள் களிமண் வயலில் ஐப்பசி அடைமழைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். விற்பதிலும் சிக்கல்: அசாம் அகில் 1995-லிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும்) உடன்படிக்கைப் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளிநாட்டுக்குப் போகாது. “நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்” என்கிறவரிடம், இதுவரை யாரிடம் வாங்கினீர்கள், அந்தத் தோப்பைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அசாமில் ஹோஜாய் ஊத் வியாபாரத்துக்குப் பேர்போனது. போய்வர ரயில் செலவு கன்று விலையைவிடக் குறைவு.

மீதிக் கேள்விகளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கடை திறந்ததும் எழுதுகிறேன்.