பொமோரியே ஏரி: உப்பு, பறவைகள், கருஞ்சேறு – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பல்கேரியாவின் பொமோரியே ஏரி கடலை ஒட்டியே கிடந்தும் கடலைவிட அதிகமாகக் கரிப்பது ஏன்?

பதில்: கருங்கடலையும் ஏரியையும் ஒடுங்கிய மணல்திட்டு ஒன்றுதான் பிரிக்கிறது. வாய்க்கால் வழியே வரும் கடல்நீர் ஆழமற்ற பரப்பில் கோடை வெயிலுக்கு ஆவியாகிவிட, உப்பு தங்கிப்போகிறது.

கேள்வி: உப்பு விளைவிக்கும் முறை நம் தூத்துக்குடி முறைதானா?

பதில்: அடிப்படை ஒன்றே. ஆனால் பெருங்கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்க, கருங்கடலின் மேல்நீரில் ஏறத்தாழ 17 கிராமே இருப்பதால், அதே விளைச்சலுக்கு இருமடங்கு நீர் வற்ற வேண்டும். பாத்தி மாற்றி நீரின் கரிப்பைக் கூட்டும்போது முதலில் ஜிப்சம் படியும், பிறகே உப்பு விளையும். எஞ்சும் மக்னீசியக் கசப்பு நீரை நேரத்தோடு வடிக்காவிட்டால் உப்பும் கசக்கும். உப்பளக்காரரின் கைத்திறன் அங்கேதான் தெரியும். பழங்காலத்தில் அங்கியாலோஸ் எனப்பட்ட, ஏரியை ஒட்டிய பொமோரியே ஊரில் 2002இல் ஓர் உப்பு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

கேள்வி: உப்பளத்தை மூடிவிட்டால் பறவைகளுக்கு நல்லதல்லவா?

பதில்: இந்த ஏரியைப் பொறுத்தவரை அது கெடுதலாகவே முடியும் என்பேன். மதகைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கடல்நீர் வரத்து நின்றால், மழைநீர் சேர்ந்து கரிப்புக் குறையும், நாணல் மண்டும். கோணமூக்கு உள்ளானும் பவளக்கால் உள்ளானும் வரப்போரங்களில் வெறுந்தரையில்தான் முட்டையிடுகின்றன. மண்நிறத்தில் கரும்புள்ளியிட்ட அம்முட்டைகள் காலடியில் கிடந்தாலும் கண்ணில் படாது. உள்ளான்கள் கொத்தித் தின்னும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலோ, மீன்கள் பிழைக்க முடியாத கரிப்பில்தான் பெருகும். வியா பொன்டிகா என்னும் வலசைத் தடத்தில் வரும் கூழைக்கடாக்களும் இந்த ஏரிப் பக்கம் இறங்குகின்றன.

கேள்வி: ஏரிச் சேறு மூட்டுவலியைக் குணப்படுத்துமா? அந்த நாற்றம் எதனால்?

பதில்: காற்றுப் புகாத அடிமண்ணில் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சிதைப்பதால் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடே அந்த நாற்றம். இரும்புடன் அது சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. வெளியே எடுத்து வைத்தால் சேறு மெல்லச் சாம்பல்நிறமாகும். சூடாக்கிப் பூசினால் வெப்பத்தை நெடுநேரம் தாங்குவதால், முழங்கால் தேய்மான வலி சில காலம் தணியலாம். தேய்ந்த எலும்பு மூட்டு மீளாது. இதய நோயாளிகளும் கருவுற்றோரும் காய்ச்சல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் சூட்டுச் சேற்றுப் பூச்சுக்குப் போக வேண்டாம்.