மின்காரை விட்டு சாஃப்ட்வேருக்குப் போகலாமா?

தம்பி, எம்.எஸ். முடித்து, ஓபிடியில் (படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை செய்யும் அனுமதி) கலிபோர்னியாவுக்கு வந்து மின்கார் வேலையில் சேர்ந்த சில மாதத்திலேயே ப்ராஜெக்ட்டை நிறுத்திவிட்டார்கள், பேசாமல் சாஃப்ட்வேர் பக்கம் போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வாலி ரிப்பல் என்ற பொறியாளரைப் பற்றித் தேடிப் படியுங்கள். 1968-இல் கலிபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, பழைய ஃபோக்ஸ்வாகன் வேனை பேட்டரியில் ஓட வைத்து, எம்ஐடி மாணவர்களைப் போட்டிக்கு அழைத்தவர். கால்டெக் அணி தன் ஊரான பசடீனாவிலிருந்து கிளம்பி, எம்ஐடி இருக்கும் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜுக்கு ஓட்ட வேண்டும், எம்ஐடி அணி அங்கிருந்து பசடீனாவுக்கு வர வேண்டும். வழியில் 54 இடங்களில் சார்ஜ் போட ஏற்பாடு செய்திருந்தார்கள். எம்ஐடி வண்டிதான் முதலில் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை வழியில் கட்டி இழுத்ததற்காக அபராத நேரம் கூட்டியதில், அரை மணி நேர வித்தியாசத்தில் கால்டெக் ஜெயித்தது. அந்த வேனுக்கு ஏறக்குறைய 210 மணி நேரம் பிடித்தது!

அப்புறம் ரிப்பல், நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம், ஏரோவைரன்மென்ட், ஏசி புரொபல்ஷன் கம்பெனிகள் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். ஏரோவைரன்மென்ட் ஜெனரல் மோட்டார்ஸுக்காக உருவாக்கிய இம்பாக்ட் கார், 1996-இல் இவி1 என்ற பெயரில் லீஸுக்கு வந்தது. பின்னால் ஜெனரல் மோட்டார்ஸே அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது. எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் அது. ஆனால் பேட்டரியின் டிசி மின்சாரத்தை ஏசி மின்சாரமாக்கி இண்டக்ஷன் மோட்டாரை ஓட்டும் அந்த இன்வெர்ட்டர் வித்தை நசுங்கவில்லை. ரிப்பல் 2006-இல் டெஸ்லாவில் சேர்ந்தபோது அங்கேயும் அதே வேலைதான் தேவைப்பட்டது. பந்தயம் முடிந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருக்கு விசா கவலை இல்லை, நமக்கு இருக்கிறது. ஓபிடியில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். எச்1பி என்ற வேலை விசா கிடைத்த பிறகு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதனால் ஒரே காரின் ஒரு பாகத்தோடு நின்றுவிடாதீர்கள். இன்வெர்ட்டர், மோட்டார் கன்ட்ரோல், சார்ஜர் மூன்றையும் கையால் செய்து பழகுங்கள். சோலார், கிரிட் ஸ்டோரேஜ் (ஊருக்கான மின்சாரத்தைச் சேமித்து வைப்பது), டேட்டா சென்டர் பவர் சப்ளை எல்லாவற்றிலும் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அடுத்த ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன், அந்த கம்பெனி இ-வெரிஃபையில் (வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு முறை) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு ஓபிடியைக் கூட்டித் தரும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு கிடைக்காது.