சீசன் நடுவில் இளம் வீரரைக் கொடுத்து அனுபவசாலியை வாங்குவது சரியா? ஒரு டெட்ராய்ட் ரசிகனின் பதில்

கேள்வி: அமெரிக்காவில் என் அலுவலகத்தில் ஜூலை மாதம் முழுவதும் பேஸ்பால் ரசிகர்கள் "யாரை வாங்குவது, யாரை விற்பது" என்று வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். பிளேஆஃப் வாய்ப்புக்காக இளம் வீரர்களைக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனமா? ஒரு பரிமாற்றம் நல்லதா கெட்டதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

பதில்:

நான் மிச்சிகனில் வசிக்கிறேன். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ரசிகன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணி உண்மையாகவே போட்டியில் இருக்கும் ஆண்டில், எது குறைகிறதோ அதை, இளம் வீரர்களைக் கொடுத்தாவது வாங்குவதுதான் சரி. அப்படிக் கொடுத்த இளைஞன் பிற்காலத்தில் எவ்வளவு பெரிய வீரனாக வந்தாலும் அந்த முடிவு தவறாகிவிடாது. எங்கள் ஊரில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய ஆயுதம் எப்போதும் ஒரே பெயர்தான்: ஜான் ஸ்மோல்ட்ஸ். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஐ.பி.எல். பார்த்து வளர்ந்தவர்களுக்காக முதலில் சிறு விளக்கம். அங்கே பெரிய வீரர் மாற்றங்கள் இரண்டு சீசன்களுக்கு இடையில்தான் நடக்கும். பேஸ்பாலில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறத்தாழ நூற்றுச் சொச்சம் ஆட்டங்கள் முடிந்து ஜூலை இறுதி வந்ததும் ஒரு கெடு. அதற்குள் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். புள்ளிப்பட்டியலில் மேலே இருப்பவர்கள், ஒப்பந்தம் முடியப்போகிற நட்சத்திரங்களைக் கீழே இருப்பவர்களிடமிருந்து வாங்குவார்கள். விலை பெரும்பாலும் பணமாக இருக்காது. மைனர் லீக்கில், அதாவது கீழ்நிலை அணிகளில், வளர்ந்துகொண்டிருக்கும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களாக இருக்கும். வாங்குகிறவருக்கு இந்த ஆண்டு வேண்டும், விற்கிறவருக்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்து வேண்டும். சண்டை முழுவதும் இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவில்தான்.

இனி ஸ்மோல்ட்ஸ். 1987 ஆகஸ்ட் 12 (ஜூலைக் கெடுவுக்குப் பிறகும் அந்நாட்களில் வேறொரு வழியாகப் பரிமாற்றம் செய்யலாம்). டைகர்ஸ் அணிக்கும் டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்கும் மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்க லீக்கின் கிழக்குப் பிரிவில் கழுத்தோடு கழுத்தாகப் போட்டி. டெட்ராய்ட்டுக்கு ஒரு நல்ல தொடக்கப் பிட்சர் (ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்தெறிபவர்) தேவைப்பட்டார். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியிடமிருந்து டாயில் அலெக்ஸாண்டரை வாங்கினார்கள். வயது 37-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பதிலுக்குக் கொடுத்தது இருபது வயது ஸ்மோல்ட்ஸை. மிச்சிகன் மண்ணிலேயே வளர்ந்த பையன். அந்த ஆண்டு மைனர் லீக்கில் அவருடைய கணக்கு நான்கு வெற்றி, பத்துத் தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஐந்தரை ஓட்டங்களுக்கு மேல் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அலெக்ஸாண்டர் டெட்ராய்ட்டுக்காகப் பதினொரு ஆட்டங்களைத் தொடங்கினார். ஒன்பது வெற்றி. தோல்வியே இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.53 ஓட்டங்கள்தான் கொடுத்தார். செப்டம்பர் கடைசியில், ஏழு ஆட்டங்களே பாக்கி என்ற நிலையில், டொராண்டோ (வெற்றி தோல்விக் கணக்கில்) மூன்றரை ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. அதன் பிறகு அது ஒரு வெற்றிகூடப் பெறவில்லை. கடைசி மூன்று ஆட்டங்கள் டெட்ராய்ட்டில், இதே இரண்டு அணிகளுக்கும் இடையே. வெள்ளிக்கிழமை அலெக்ஸாண்டர் எறிந்தார், 4-3. சனிக்கிழமை பன்னிரண்டு இன்னிங்ஸ், ஆலன் டிரம்மெல் அடித்த அடியில் 3-2. ஞாயிறு ஃபிராங்க் டனானா முழு ஆட்டத்தையும் தானே எறிந்து 1-0. மூன்றும் ஒரே ஓட்ட வித்தியாசம். டெட்ராய்ட் 98 வெற்றி, டொராண்டோ 96.

அந்த 96-ஐக் கவனியுங்கள். அப்போது 26 அணிகளில் நான்கே நான்குதான் பிளேஆஃபுக்குப் போகும். பிரிவில் முதலிடம் பெற்றால்தான் இடம். 96 ஆட்டங்களை வென்ற டொராண்டோ வீட்டுக்குப் போனது. 85 மட்டுமே வென்ற மினசோட்டா டுவின்ஸ், பக்கத்துப் பிரிவில் முதலிடம் என்பதால் உள்ளே வந்தது. டெட்ராய்ட்டை 4-1 என்று வீழ்த்தி, பட்டத்துக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸையும் வென்றது. டெட்ராய்ட் தோற்ற அந்தத் தொடரில் அலெக்ஸாண்டர் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார்.

ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் 1996-இல், ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். வாழ்நாள் கணக்கு 213 வெற்றிகள், 154 சேவ்கள் (கடைசியில் வந்து வெற்றியைக் காத்தது), மூவாயிரத்துக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட்கள் (பேட்டரை அடிக்கவிடாமல் வெளியேற்றியது). இருநூறு வெற்றிகளையும் நூற்றைம்பது சேவ்களையும் சேர்த்து எட்டிய பிட்சர் வேறு யாருமில்லை. 2015-இல் தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அலெக்ஸாண்டரோ 1989-இல் பதினெட்டு ஆட்டங்கள் தோற்று ஓய்வு பெற்றார். ஆகவே, "மோசமான பரிமாற்றங்கள்" என்று யார் பட்டியல் போட்டாலும் டெட்ராய்ட்டின் இந்தப் பரிமாற்றம் அதில் நிச்சயம் இருக்கும்.

நான் அதை ஏற்கவில்லை. இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் கிடைத்த பிரிவுப் பட்டம் அது. அலெக்ஸாண்டர் பெற்ற ஒன்பது வெற்றிகளில் மூன்றை எடுத்துவிட்டால் டெட்ராய்ட் இரண்டாமிடம், அதாவது ஒன்றுமே இல்லை. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இருந்தவர். டனானா கடைசிப் பந்தைத் தானே பிடித்து முதல் பேஸுக்கு எறிந்ததை இன்றும் கையசைத்துக் காட்டுவார். ஸ்மோல்ட்ஸைப் பற்றிக் கேட்டால், "கொடுத்தோம், வாங்கினோம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த ஆண்டுகளைக் கடந்து வந்தவர்களிடம் இந்தப் பரிமாற்றம் குறித்து நான் பெரிய வருத்தத்தைக் கண்டதில்லை. வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் பிற்காலப் புள்ளிவிவரத்தைப் பார்த்தவர்கள்.

இன்னொன்று. ஸ்மோல்ட்ஸ் ஸ்மோல்ட்ஸாக வந்ததால்தான் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம். வராமல் போனவர்களை யார் நினைக்கிறார்கள்? 2012 ஜூலையில் டைகர்ஸ் மயாமி அணியிடமிருந்து அனிபால் சான்செஸையும் ஓமர் இன்ஃபான்டேயையும் வாங்கியது. கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜேக்கப் டர்னர், புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்டில் ஒன்பதாவதாகத் தேர்வானவர். அந்த வாரம் எழுந்த கூக்குரல் சாதாரணமானதல்ல. டர்னரின் ஆட்டம் எதிர்பார்த்தபடி மலரவில்லை. டைகர்ஸ் அந்த ஆண்டு பிரிவை மூன்று ஆட்ட வித்தியாசத்தில் வென்று வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. சான்செஸ் அடுத்த ஆண்டு அமெரிக்க லீக்கிலேயே மிகக் குறைந்த சராசரியில் ஓட்டம் கொடுத்த பிட்சர் ஆனார். 1987-இல் எடுத்த அதே மாதிரியான முடிவுதான் இது. பையன் வளர்ந்த விதம் மட்டும் வேறு.

எனவே வாங்குவதெல்லாம் சரி என்று சொல்கிறேனா? இல்லை. என்ன வாங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். 2014 ஜூலை 31 மதியம் நான் டைகர்ஸின் சொந்த மைதானமான கொமெரிக்கா பார்க்கில் இருந்தேன். சிகாகோ ஒயிட் சாக்ஸுடன் ஆட்டம். நான்கு மணிக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் சென்டர் ஃபீல்டில் நின்றுகொண்டிருந்த ஆஸ்டின் ஜாக்சனை நடு இன்னிங்ஸில் திரும்ப அழைத்தார்கள். ஒரு நொடி எவருக்கும் புரியவில்லை. காயம்பட்டவர் போலவும் தெரியவில்லை. பிறகு வரிசை வரிசையாக மக்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள். அவரை விற்றுவிட்டார்கள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது, அவர் அவ்வளவு தூரம் நடந்து வெளியேறினார். என் அருகில் ஒரு சிறுவன் அவர் பெயர் பொறித்த சட்டையை அணிந்திருந்தான். பரிமாற்றத்தை ஆதரிக்கிறவன் நான், ஆனால் அந்த நிமிடம் தொண்டை அடைத்தது. ஒரு மனிதன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வேறு ஊருக்கு மாற்றப்படுவதை நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருப்பது சின்ன விஷயமல்ல. விவாதிக்கிறபோது ரசிகர்கள் இதை மறந்துவிடக்கூடாது என்று விரும்புகிறேன்.

வந்தவர் டேவிட் பிரைஸ். அவரோடு சேர்த்து, சை யங் விருது பெற்ற மூன்று பிட்சர்கள் ஒரே அணியில்: ஷெர்சர், வெர்லாண்டர், பிரைஸ். அக்டோபரில் பால்டிமோருக்கு எதிராக மூவரும் வரிசையாக ஆட்டம் தொடங்கினார்கள். மூன்றிலும் தோல்வி. முதல் இரண்டு ஆட்டங்களிலும் பின்னால் வந்து எறியும் ரிலீஃப் பிட்சர்கள் எட்டாவது இன்னிங்ஸில் சரிந்தார்கள். மூன்றாவதில் பிரைஸ் எட்டு இன்னிங்ஸில் இரண்டே ஓட்டம் கொடுத்தும் 2-1 என்று தோல்வி. 1987-இல் இல்லாத இடத்தை நிரப்பினார்கள். 2014-இல் ஏற்கெனவே நிறைந்திருந்த இடத்தில் இன்னும் கொட்டினார்கள். ரிலீஃபுக்கும் ஒருவரை அந்த மாதமே வாங்கியிருந்தார்கள், போதவில்லை. விலையாகப் போனவர்களில் ஒருவர் வில்லி அடாமஸ், பின்னாளில் அருமையான ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). அவர் வளர்ந்ததால் இந்தப் பரிமாற்றம் பிழையாகவில்லை. ஓட்டை வேறிடத்தில் இருந்ததால் பிழையானது.

விற்பதிலும் இதே சூதாட்டம் உண்டு. 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். (அப்போது ஆகஸ்டிலும் வேறொரு வழியாகப் பரிமாற்றம் செய்யலாம், 2019 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது.) அவர் அங்கே வழக்கமான சீசனின் மிச்சத்தில் தொடங்கிய ஐந்து ஆட்டங்களையும் வென்று, லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரராகி, வேர்ல்ட் சீரிஸ் மோதிரமும் வாங்கினார். பதிலுக்கு வந்த மூவரில் மிகப் பெரிதாகப் பேசப்பட்ட பிட்சர் காயங்களால் மேஜர் லீக்கில் டெட்ராய்ட்டுக்காக ஒரு பந்துகூட எறியவில்லை. கேட்சர் ஜேக் ரோஜர்ஸ் மட்டும் நிலைத்தார்.

இப்போதைய விவாதம் 1987-ஐ விடக் குழப்பமானதற்குக் காரணம் விதிமுறை. 2022 முதல் 30 அணிகளில் பன்னிரண்டு பிளேஆஃபுக்குப் போகின்றன. ஜூலை இறுதியில் பாதிக்கு மேற்பட்ட அணிகள் "நாமும் இருக்கிறோம்" என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. வாங்குகிறவர் அதிகம், விற்கிறவர் குறைவு. 2024-இல் டைகர்ஸ் விற்றது. சிறந்த பிட்சர்களில் ஒருவரான ஜாக் ஃபிளாஹெர்ட்டியை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தது. ஆகஸ்ட் 10 அன்று 55 வெற்றி, 63 தோல்வி. நானும் அந்த ஆண்டு முடிந்தது என்றுதான் நினைத்தேன், யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அதன் பின் 44 ஆட்டங்களில் 31 வெற்றி. பத்தாண்டுகளுக்குப் பின் பிளேஆஃப். ஃபிளாஹெர்ட்டிக்குப் பதிலாக வந்த டிரே ஸ்வீனிதான் அந்த ஓட்டத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றார். ஃபிளாஹெர்ட்டியோ டாட்ஜர்ஸோடு வேர்ல்ட் சீரிஸ் வென்றார். இரண்டு பக்கமும் லாபம் அடைந்த அபூர்வமான பரிமாற்றம்.

அந்த 2024-தான் எங்கள் நிர்வாகத்துக்குத் தவறான பாடம் கற்பித்தது என்பது என் உறுதியான கருத்து. "இளைஞர்களை நம்பு, வாங்கத் தேவையில்லை" என்ற பாடம். 2025 ஜூலை தொடக்கத்தில் அதே பிரிவிலுள்ள கிளீவ்லாண்டை விடப் பதினைந்தரை ஆட்டங்கள் முன்னிலை. உலகின் மிகச் சிறந்த பிட்சரான டாரிக் ஸ்கூபல் எங்களிடம். 2026 சீசனுக்குப் பின் அவர் மீது அணிக்கு இருக்கும் உரிமை முடிகிறது என்பது அனைவருக்கும் தெரியும். வாங்குவதற்கு இதைவிடத் தெளிவான ஆண்டு வராது. நிர்வாகம் கெவின் மெகானிகிள், மேக்ஸ் கிளார்க் என்ற இரண்டு இளம் வீரர்களையும் தொடவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர்களுக்கு அடுத்த வரிசையில் இருந்தவர்களைக்கூடப் பெரிய அளவில் செலவிடாமல், விலை மலிவான மூத்த பிட்சர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சார்லி மார்ட்டனைச் செப்டம்பரிலேயே விடுவிக்க வேண்டியதாயிற்று. பதினைந்தரை ஆட்ட முன்னிலை கரைந்து, பிரிவு கிளீவ்லாண்டுக்குப் போனது. பேஸ்பால் வரலாற்றில் இவ்வளவு பெரிய முன்னிலையை எந்த அணியும் இழந்ததில்லை.

பிரிவில் முதலிடம் பெறாதவர்களுக்கான வைல்ட் கார்டு வழியாக உள்ளே போய்க் கிளீவ்லாண்டை வென்றோம் என்பது உண்மை. அடுத்த சுற்றில் சியாட்டில். அவர்கள் ஜூலையில் ஜோஷ் நேலரையும் யூஹேனியோ சுவாரெஸையும் வாங்கியவர்கள், இரண்டு பேரும் பேட்டர்கள். ஐந்தாவது, கடைசி ஆட்டத்தில் ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸில் பதின்மூன்று ஸ்ட்ரைக் அவுட்கள், ஒரே ஓட்டம். அதற்குப் பின் ஆட்டம் பதினைந்து இன்னிங்ஸ் வரை நீண்டது. எங்கள் பேட்டர்களால் வெற்றி ஓட்டத்தை அடிக்க முடியவில்லை. 3-2 தோல்வி.

அலுவலகத்தில் அடுத்த ஜூலையில் யாராவது ஸ்மோல்ட்ஸின் பெயரைச் சொன்னால், அந்தப் பதினைந்து இன்னிங்ஸில் டெட்ராய்ட் அடித்தது இரண்டே ஓட்டம் என்பதைச் சொல்லுங்கள். மெகானிகிளையும் கிளார்க்கையும் வைத்துக்கொண்டே, மூன்றாவது நான்காவது வரிசை இளைஞர்கள் இருவரைக் கொடுத்து, சுவாரெஸைப் போன்ற ஒரு பேட்டரை வாங்கக் கடுமையாக முயன்றிருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் இருபது ஆண்டுகள் கழித்து ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனாலும் நான் இதையேதான் சொல்வேன்.