மதர்போர்டின் தரத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: ஐயா, வணக்கம். சென்ற மாதம் பெய்த இடிமழையில் என் கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட்டது. ரைசன் 5 2600 செயலி (புராசசர்) மட்டும் தப்பியது. அடுத்த ஆண்டு ரைசன் 7 5700எக்ஸ் செயலிக்கு மாறும் எண்ணம் உண்டு. ஈப்போவில் ஒரு கடையில் பழைய பி450 போர்டு ஒன்றையும் புதிய பி550 போர்டு ஒன்றையும் காட்டினார்கள். பழையதில் எட்டு ஃபேஸ் (செயலிக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் பிரிவுகள்) இருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். எதை வாங்கலாம்?
— தோட்டப்புற வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: செயலியை இப்போது மாற்றப் போவதில்லை என்றால் பி550 உங்களுக்கு உதவாது. இரண்டிலும் செயலியைப் பொருத்தும் இடம் ஏஎம்4 சாக்கெட்தான் என்பதால் செயலி அதில் சரியாக உட்காரும். ஆனால் 2020இல் வந்த பி550க்கு, ரைசன் செயலிகளைத் தயாரிக்கும் ஏஎம்டி அறிவித்த ஆதரவில் 2600 இடம்பெறவில்லை. கடையில் இதைச் சொல்லாமல் விற்றுவிடுவதும் உண்டு. ஆகவே உங்களுக்குப் பி450தான் பொருத்தம், அதுவும் சோதித்துப் பார்த்த பிறகு.

முதலில் பார்க்க வேண்டியது, செயலியைச் சுற்றியுள்ள மின்வழங்கல் பகுதி. பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை அந்தப் பகுதிதான் செயலிக்குத் தேவையான ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலான அளவுக்குக் குறைத்துத் தருகிறது. வோல்ட் குறையும்போது ஆம்பியர் ஏறுவதால், 142 வாட் வரை இழுக்கும் 5800எக்ஸ் போன்ற செயலிக்கு அது ஏறக்குறைய 100 ஆம்பியரைத் தாங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் 5700எக்ஸின் வரம்பு 76 வாட்தான் என்பதால், நடுத்தரமான பி450 போர்டே அதற்குப் போதும். எட்டு ஃபேஸ் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். நான்கு ஃபேஸ்களுக்கு இரண்டிரண்டு சோக் (சிறு பெட்டி போன்ற கம்பிச் சுருள்) வைத்து எட்டு என்று விளம்பரம் செய்யும் போர்டுகள் உண்டு. சோக்குகளை எண்ணிப் பார்த்தால் எட்டுதான் வரும், எனவே வெறும் கண்ணால் பிடிபடாது.

மின்வழங்கல் பகுதியின் மேல் வெப்பம் தணிக்க வைக்கும் பெரிய உலோகத் தகட்டையும் (ஹீட்சிங்க்) அதே சந்தேகத்துடன் பாருங்கள். நான் ஒருமுறை வாங்கிய பகட்டான போர்டில், அடிக்கடி கணினி வேகம் குறைவதைக் கண்டு ஹீட்சிங்கைக் கழற்றினேன். அடியில் இருந்த வெப்பப் பட்டை பாதி விலகி, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லுகளான மாஸ்ஃபெட்டுகளில் இரண்டு எதையும் தொடாமல் கிடந்தன. நம் தோட்ட வீடுகளில் தகரக் கூரையின் கீழ் பிற்பகல் வெப்பம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர்டில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் உருளையான எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. குளிரூட்டி அறையில் தாங்கும் போர்டு இங்கே அத்தனை ஆண்டு தாங்காது.

கடையில் உங்கள் 2600ஐப் பொருத்தி, அரைமணி நேரம் கனமான வேலை கொடுத்துப் பாருங்கள். நான்கு ராம் துளைகளையும், எல்லா யூஎஸ்பி துளைகளையும், இணையக் கம்பி செருகும் லேன் துளையையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கைப்பேசி விளக்கை அடித்துக் கெப்பாசிட்டர் தலைகள் உப்பியுள்ளனவா என்றும், சாக்கெட்டின் துளைகளில் வெப்பப்பசை இறங்கியுள்ளதா என்றும் பாருங்கள். ஏஎம்4இல் ஊசிகள் செயலியில் இருப்பதால் போர்டில் ஊசி வளைந்திருக்குமோ என்ற பயம் இல்லை. ஆனால் பழைய பசை இறுகியிருந்தால் கூலரை நேராக இழுக்கும்போது செயலியும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கூலரை மெல்லத் திருகியபின் எடுக்கச் சொல்லுங்கள்.

கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயோஸைப் பொறுத்தவரை, 2600 வேலை செய்யும் காலத்திலேயே புதுப்பித்துவிடுங்கள். 5700எக்ஸ் 2022இல் வந்தது. பழைய பயோஸ் அதை அறியாது. தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் குறிப்பிட்ட பதிப்பையே ஏற்றுங்கள். சில புதிய பதிப்புகளில் பழைய செயலிகளின் ஆதரவு நீக்கப்பட்டிருப்பதால், உங்கள் 2600 அதில் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி450இல் இழப்பு என்றால், வேகமான இணைப்பு முறையான பிசிஐஇ 4.0 கிடைக்காது. எஸ்எஸ்டி சேமிப்பகத்தைச் செருகும் முதல் எம்.2 துளை 3.0 வேகத்தில் இயங்கும், நொடிக்கு ஏறக்குறைய 3,500 மெகாபைட் வரை வாசிக்கலாம். விளையாட்டுக்கும் படிப்புக்கும் அதற்கு மேல் தேவைப்படுவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இந்தப் போர்டும் அடுத்த இடிமழையில் போகாமலிருக்க, சுவர்ப் பிளக்கின் எர்த் கம்பி உண்மையில் நிலத்தோடு இணைந்துள்ளதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள். இடிமழை தொடங்கும் முன்பே கணினியின் மின்பிளக்கோடு லேன் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.