பி0171, பி0300: சென்சாரை மாற்றுமுன் காற்றுக் கசிவைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் 2005ஆம் ஆண்டு பெட்ரோல் காரில் பி0171, பி0300 ஆகிய பழுதுக் குறியீடுகள் சேர்ந்து வருவதாகவும், சிக்னலில் நிற்கும்போது குலுங்கும் என்ஜின் வேகமெடுத்ததும் சீராகிவிடுவதாகவும், ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியும் பயனில்லாததால் மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செலவை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். பி0300 என்பது சிலிண்டர்களில் எரிப்பு அவ்வப்போது தவறுவதைக் குறிக்கும்; கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதே பி0171இன் பொருள். அதைக் கண்டு சொன்ன சென்சாரையே குற்றவாளியாக்குவது முறையன்று.

ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் அளவை, அதாவது கலவையைச் சரிசெய்ய என்ஜின் கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) 20 விழுக்காட்டைத் தாண்டி நின்று, 2500 ஆர்பிஎம்மில் 5க்கு அருகில் இறங்கினால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் எங்கோ காற்று கசிகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மாறாக, வேகம் கூடக்கூட அதுவும் ஏறினால், ஃபியூவல் பம்பின் அழுத்தத்தையும் ஃபில்டரையும் சோதிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் முதல் வகையையே காட்டுகின்றன.

என்னுடைய பழைய காரில், பிசிவி குழாயை (என்ஜினுக்குள் சேரும் வாயுக்களை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) விரலால் வளைத்துப் பார்த்தபோதுதான் அதன் அடிப்பக்கத்தில் நகக்கீறல் போன்ற ஒரு வெடிப்பு தெரிந்தது. உங்கள் ரப்பர் குழாய்களையும், என்ஜின் ஆறியபின், ஒவ்வொன்றாக அப்படி வளைத்துப் பாருங்கள்.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வண்டியைத் தயவுசெய்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அளவுமீறிச் சூடாக்கிப் பாழாக்கிவிடும்.