டிவிஎஸ் பஸ்ஸும் மாட்டுத்தாவணியும் – ஒரு கடிதம்

அண்ணே வணக்கம்,

மதுரை மெட்ரோ திட்டத்தை டெல்லியில திருப்பி அனுப்பிட்டாங்கன்னு படிச்சதுல இருந்து மனசு ஆறல. எங்க தாத்தா, டிவிஎஸ் பஸ் போறதப் பாத்துத்தான் கடிகாரத்துல டைம் வைப்போம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அப்படி ஓடுன ஊர்ல இன்னைக்கு ஸ்டாப்ல போய் நின்னா அடுத்த பஸ் எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியல. தனியார் கையில இருந்தவரைக்கும் நல்லா இருந்துச்சு, 1972ல அரசாங்கம் எடுத்ததும் கெட்டுப்போச்சுன்னுதான் எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

எஸ்., திருநகர், மதுரை

அன்புள்ள தம்பி எஸ்,

தாத்தா சொன்னத அப்படியே நம்பலாம், மதுரையில அந்தத் தலைமுறை ஆளுங்க யார்கிட்ட கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. திருக்குறுங்குடியில பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912ல பஸ் ஓட்ட ஆரம்பிச்சாரு, அவரு கம்பெனிதான் டிவிஎஸ், அதுக்கு முன்னாடி ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போறதுன்னா மாட்டு வண்டி, ஜட்கா, இல்லாட்டி நடை. ரயில் 1875லயே மதுரைக்கு வந்துருச்சு, ஆனா ரயில் தண்டவாளம் போற ஊருக்கு மட்டும்தானே போகும். குறிச்ச நேரத்துக்குப் பஸ்ஸ எடுக்கணும், ஆள் ஏறினாலும் ஏறாட்டியும் எடுக்கணுங்கறத ஒரு பழக்கமா இந்த ஊருக்குக் கொண்டு வந்தது டிவிஎஸ்தான், அதை யாரும் மறுக்க முடியாது.

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பெட்ரோலுக்கு ரேஷன் வந்துருச்சு. அப்ப கரியில ஓடுற பஸ் வந்துச்சு, கரியில இருந்து வாயு எடுக்கற அந்த கேஸ் பிளான்ட்ட டிவிஎஸ்ஸே செஞ்சாங்க. பஸ்ஸுல ஒரு பெரிய உருளை அடுப்பு மாதிரி மாட்டியிருக்கும், அதுல கரியக் கொட்டிப் பத்த வச்சு, கிளீனர் பக்கத்துல நின்னு காத்தாடியக் கையால சுத்திக்கிட்டே இருக்கணும், நெருப்பு நல்லாப் பிடிச்சு வாயு இறங்கினாத்தான் எஞ்சின் எடுக்கும். பெட்ரோல்ல ஓடுற வேகம் இருக்காது, மேடு வந்தா திணறும். அப்படி ஒரு காலத்துலயும் பஸ்ஸ நிறுத்தாம ஓட்டிருக்காங்கன்னா, வண்டி ஓடியே ஆகணும்னு நினைச்ச டிரைவர், கிளீனர், மெக்கானிக்னு ஒரு பெரிய கூட்டமே அதுக்குப் பின்னாடி இருந்திருக்கு. எனக்கு அந்த ஆட்கள் மேல பெரிய மரியாதை உண்டு.

ஆனா தம்பி, 1972ல கெட்டுப்போச்சுங்கறத மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

அன்னைக்கு நடந்தது இதுதான். பெரிய பஸ் கம்பெனிகளோட வண்டிகள அரசாங்கமே எடுத்துக்கற மாதிரி 1971ல சட்டம் வந்துச்சு, கலைஞர் முதலமைச்சரா இருந்த நேரம். 1972 ஜனவரியில மதுரையில பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆரம்பிச்சாங்க, டிவிஎஸ் பஸ்ஸெல்லாம் அதுக்கு வந்துச்சு. அதே வருஷம் கோயம்புத்தூர்ல சேரன், கும்பகோணத்துல சோழன். கம்பெனிக்காரர் கணக்குப் பாத்து வருமானம் வர்ற ரூட்லதான் வண்டி விடுவாரு, அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல, அவரு நஷ்டத்துக்கு எப்படி ஓட்டுவாரு? கழகத்துக்கு வேற வேலை இருந்துச்சு. கூட்டம் வர்ற ரூட்ல கிடைக்கற காசுல கூட்டமே இல்லாத கிராமத்துக்கும் வண்டி விடணும். காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு வந்த அந்த டவுன் பஸ்ஸ நம்பித்தான் எத்தனையோ பொம்பளப் பிள்ளைங்க பத்தாவது தாண்டி டவுன்ல வந்து படிச்சுச்சு. அந்த வண்டி அரை மணி நேரம் லேட்டாத்தான் வந்துச்சுன்னே வச்சுக்குவோம், வராம இருந்ததுக்கு லேட்டா வந்தது எவ்வளவோ மேல் இல்லையா?

பாண்டியன்னு பேர் எழுதின பஸ் இப்ப ஏன் இல்லன்னு சின்னப் பிள்ளைங்க கேக்கறாங்க. 1997ல விருதுநகர் பக்கம் புதுசா ஆரம்பிச்ச போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர வச்சாங்க, அந்தப் பேர ஏத்துக்க மாட்டோம்னு தென் மாவட்டங்கள்ல சாதிக் கலவரம் வெடிச்சு உயிரெல்லாம் போச்சு, கடைசியில அரசாங்கம் எல்லாக் கழகத்துல இருந்தும் மாவட்டத்துல இருந்தும் தலைவர் பேர், ராஜா பேர் எல்லாத்தையும் எடுத்துருச்சு. ஒரு தலித் வீரரோட பேர் எழுதின பஸ்ல ஏற மாட்டேன்னு சொன்ன காலம் அது, நடந்து இன்னும் முப்பது வருஷம் ஆகல. இத எழுதும்போது இப்பவும் வயித்தெரிச்சலா இருக்கு.

சரி, அப்ப மதுரைக்கு எங்க அடி விழுந்துச்சு? என் கணக்குல அது 1972 இல்ல, 1999. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்த வருஷம்.

மதுரையோட அமைப்பப் பாருங்க. கோயிலச் சுத்தி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியா வெளி வீதி. ரயில்வே ஸ்டேஷன் மேல வெளி வீதிக்கு அந்தப் பக்கம், அங்க இருந்து நடந்தா பெரியார் பஸ் ஸ்டாண்டு, பக்கத்துலயே தூரத்து ஊருக்குப் போற அரசு பஸ், அதாவது திருவள்ளுவர் பஸ் ஏறுற இடம். ரயிலை விட்டு இறங்குனவர் பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்து போய் பஸ் ஏறிடலாம். அண்ணா பஸ் ஸ்டாண்டு, பழங்காநத்தம், ஆரப்பாளையம்னு மத்தது அங்கிட்டும் இங்கிட்டுமா இருந்துச்சு, இருந்தாலும் எல்லாம் ஊருக்குள்ளதான். அப்புறம் நெரிசல் தாங்க முடியலன்னு வெளியூர் பஸ்ஸ மாட்டுத்தாவணிக்குக் கொண்டு போனாங்க. கொண்டு போனது சரிதான், திருச்சி பஸ்ஸும் திருநெல்வேலி பஸ்ஸும் சிம்மக்கல்லுலயும் வைகை மேல இருக்கற ஏவி பாலத்துலயும் நுழைஞ்சா ஊரு என்ன ஆகும், அந்தப் பாலமே 1889ல கட்டினது. ஆனா ஸ்டேஷன்ல இருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி பஸ் ஸ்டாண்ட வச்சுட்டு, ரெண்டையும் சேக்கற பொறுப்ப பயணி தலையில போட்டுட்டாங்க.

தேனியில இருந்து ராமநாதபுரம் போற ஒரு அம்மாவ எடுத்துக்கங்க. தேனி பஸ் ஆரப்பாளையத்துலதான் நிக்கும், அங்க இறங்கணும். ஒரு கையில பை, இன்னொரு கையில பேரப்பிள்ளை. மாட்டுத்தாவணி போற டவுன் பஸ் எது, அது எங்க நிக்கும்னு நாலு பேர்கிட்ட கேக்கணும். வந்த பஸ்ல கூட்டம், கண்டக்டர் விசிலக் கையில வச்சுக்கிட்டு "உள்ள போங்க, உள்ள போங்க"ங்கறாரு, கோரிப்பாளையம் சிக்னல்ல வண்டி நகரவே மாட்டேங்குது. ஆட்டோக்காரர் கேக்கற காசு சில நாள் ராமநாதபுரம் டிக்கெட்டவே தாண்டிரும். தேனியில இருந்து மதுரைக்கு வந்த களைப்ப விட மதுரைக்குள்ள இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போற களைப்பு ஜாஸ்தி. இப்படி ரெண்டு மூணு தடவ அலைஞ்சவங்கதான் மகன் டூவீலர் வாங்குனதும் பஸ்ஸ மறந்துடறாங்க.

இதனாலதான் மெட்ரோ திரும்பி வந்ததுல எனக்கும் வருத்தம். திருமங்கலத்துல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் சுமார் 32 கிலோமீட்டர், நடுவுல ரயில்வே ஸ்டேஷன், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி. அந்தக் கோட்ட ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க, 1999ல விட்டுப்போனதத்தான் அது கோக்கப் பாக்குது. 20 லட்சம் பேர் இருந்தாத்தான் மெட்ரோன்னு மத்திய அரசோட 2017 மெட்ரோ கொள்கையச் சொல்லித் திருப்பிட்டாங்க, மதுரைக்கு அவங்க எடுத்த கணக்கு 2011 சென்சஸ், சுமார் 15 லட்சம். இத்தனை வருஷத்துல ஊரு எங்க போய் நிக்குதுன்னு ஒத்தக்கடைப் பக்கம் போய்ப் பாத்தாலே தெரியும், பழைய கணக்க வச்சு ஒரு ஊருக்கு இல்லன்னு சொல்றது நியாயமே இல்ல.

ஆனா மெட்ரோ வர்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருக்கணும்னு யாரு சொன்னது? 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதுக்கு ஒரு தண்டவாளமும் போட வேண்டியிருக்கல, ஒரு உத்தரவு போதுமா இருந்துச்சு. விடியக்காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகைக் கூடையோட வர்ற அம்மாக்களுக்கு அந்தக் காசு மிச்சம்ங்கறது சின்ன விஷயமில்ல. அதே மாதிரி ஆரப்பாளையம், பெரியார், மாட்டுத்தாவணி மூணையும் சுத்தி ஒரு பஸ் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு ஓடலாம், வெளியூர் டிக்கெட்ட காட்டுனா அதுல சும்மா ஏறிக்கலாம்னு வைக்கலாம். சென்னையில 2025ல பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூணுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கற ஆப் வந்துருச்சு, நமக்கு மூணு பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட்தான் கேக்கறோம். மாநகராட்சி வார்டு கூட்டத்துல உங்க கவுன்சிலர்கிட்ட இத எழுதிக் குடுங்க, நானும் எங்க வார்டுல குடுக்கறேன்.