சொன்னது ஒன்று, நினைத்தது ஒன்று: ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? (கேள்வி பதில்)

ஒரே ஆள் ஒன்றுக்கொன்று மாறாகச் சொன்னதையும் நினைத்ததையும் ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. செய்தி மொழிபெயர்ப்பில் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, 'ஹி செட் தட் தி ஹவுஸ் வாஸ் நைஸ் பட் தி ரென்ட் வாஸ் ஹை' என்று எழுதினேன். வாடகை அதிகம் என்று சொன்னது யார் என்று எடிட்டர் கேட்கிறார். அவர்தானே சொன்னார்?

பதில்: எடிட்டர் கேட்டது நியாயம். வீடு நன்றாக இருக்கிறது என்றது அவர். வாடகை அதிகம் என்றதும் அவரா, இல்லை எழுதிய நீங்கள் சேர்த்ததா? வாக்கியத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழில் 'என்று' கடைசியில் வந்து, இதுவரைக்கும் அவர் பேச்சு என்று வேலி போட்டுவிடும். தமிழில் பேச்சு எங்கே தொடங்குகிறது என்பது சில நேரம் மங்கலாக இருக்கலாம், எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் இது தலைகீழ். 'தட்' தொடக்கத்தைக் காட்டுகிறது, முடிவைக் காட்ட ஒன்றும் கிடையாது. அதனால்தான் 'பட்' வந்தவுடன் படிப்பவர் தடுமாறுகிறார்.

இரண்டும் அவர் சொன்னதுதான் என்றால் 'பட்'டுக்குப் பிறகு இன்னொரு 'தட்' போடுங்கள்: 'ஹி செட் தட் தி ஹவுஸ் வாஸ் நைஸ் பட் தட் தி ரென்ட் வாஸ் ஹை.' காதுக்குக் கொஞ்சம் இடிக்கும், ஆனால் சந்தேகம் போய்விடும். இரண்டாவது பாதி உங்கள் கருத்து என்றால் முற்றுப்புள்ளி வைத்து தனி வாக்கியமாக எழுதிவிடுங்கள், வேறு வழி தேட வேண்டாம்.

வாடகை விஷயத்தில் இது சின்னக் குழப்பம்தான். செய்தியில் அப்படி இல்லை. 'தி மினிஸ்டர் செட் தட் தி பிரிட்ஜ் வாஸ் சேஃப் பட் இட் ஹேட் நாட் பீன் இன்ஸ்பெக்டட்' என்று ஒரு வாக்கியம் வந்தால், பாலத்தைப் பரிசோதிக்கவில்லை என்று அமைச்சரே ஒப்புக்கொண்டாரா, நிருபர் கண்டுபிடித்துச் சொல்கிறாரா? இரண்டும் வேறு வேறு செய்தி. ஒரு 'தட்' சேர்த்தால் அது அமைச்சரின் ஒப்புதல். முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்தால் அது நிருபரின் குற்றச்சாட்டு. இதில் அசட்டையாக இருப்பது எனக்கு ஒப்பாத விஷயம், ஏனென்றால் ஒருவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதில் போய் முடியும்.

கேள்வி: 'ஆல்தோ ஹி அக்ரீட், பட் ஹி வாஸ் அன்ஹேப்பி.' இதில் என்ன தப்பு சார்?

பதில்: 'ஆல்தோ' இருந்தால் 'பட்' வேண்டாம், 'பட்' இருந்தால் 'ஆல்தோ' வேண்டாம். 'ஒத்துக்கொண்டாலும், ஆனால்' என்று பேச்சில் நாம் இரண்டையும் போடுகிற பழக்கம் அங்கேயும் வந்துவிடுகிறது. ஒன்றை வெட்டினால் சரி.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'ஐ திங்க் ஹி வில் நாட் கம்', 'ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்' இரண்டில் எது சரி?

பதில்: இரண்டும் சரி. ஆங்கிலத்தில் இயல்பாக வருவது இரண்டாவது. மறுப்பு 'திங்க்' பக்கம் ஏறிவிடும், ஆனால் அர்த்தம் 'வரமாட்டார் என்று நினைக்கிறேன்' என்பதுதான். 'பிலீவ்', 'எக்ஸ்பெக்ட்' இரண்டும் இப்படியே. ஆனால் 'சே' அப்படியில்லை, அங்கே ஜாக்கிரதை. 'ஹி செட் ஹி வுடின்ட் கம்' என்றால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 'ஹி டிடின்ட் சே ஹி வுட் கம்' என்றால் வருகிறேன் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். அவர் வந்தாலும் வரலாம்.

கேள்வி: பேட்டி எழுதும்போது எல்லா இடத்திலும் 'செட்' என்றே போட்டால் சலிப்பாக இருக்கிறது. 'அட்மிட்டட்', 'க்ளெய்ம்ட்' என்று மாற்றி மாற்றிப் போடலாமா?

பதில்: சலிப்புக்காக மாற்றாதீர்கள், தயவுசெய்து. 'அட்மிட்டட்' என்றால் அவர் மறைக்க விரும்பியிருக்கக்கூடிய ஒன்றை ஒத்துக்கொண்டார் என்று ஆகிவிடும். 'க்ளெய்ம்ட்' என்றால் நீங்கள் அவரை முழுதாக நம்பவில்லை என்று தொனிக்கும். 'செட்' எந்தப் பக்கமும் சாயாது.

ஆனால் ஒருவர் உண்மையிலேயே ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றில் பிடிவாதமாக இருந்தார் என்றால் அந்தச் சொற்களுக்கு நல்ல வேலை இருக்கிறது. 'ஹி அட்மிட்டட் தட் தி பிளான் வாஸ் காஸ்ட்லி பட் இன்சிஸ்டட் தட் இட் வாஸ் நெசசரி.' இங்கே இரண்டு பாதிக்கும் தனித்தனி வினை இருப்பதால் யார் பேச்சு என்ற முதல் கேள்வியின் குழப்பமும் தீர்ந்துவிடுகிறது. அப்புறம், வரிசையையும் பாருங்கள். 'பட்'டுக்குப் பிறகு வருவதுதான் மனதில் நிற்கும். 'செலவுதான், ஆனால் தேவை' என்றால் ஆதரிக்கிறார். 'தேவைதான், ஆனால் செலவு' என்றால் பின்வாங்குகிறார். அவர் எந்த வரிசையில் சொன்னாரோ அதே வரிசையில் எழுதுங்கள்.

கேள்வி: ரவி குமாரிடம் வேலையை விடுவதாகச் சொன்னான், ஆனால் குமார் நம்பவில்லை. இதை எழுதினால் எங்கே பார்த்தாலும் 'ஹி'யாக வருகிறது.

பதில்: தமிழில் 'தான் வேலையை விடுவதாக' என்றால் அந்தத் 'தான்' ரவிதான். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. 'ரவி டோல்ட் குமார் தட் ஹி வுட் ரிசைன், பட் ஹி டிடின்ட் பிலீவ் ஹிம்' என்றால் படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கூச்சப்படாமல் பெயரைத் திரும்பப் போடுங்கள்: 'பட் குமார் டிடின்ட் பிலீவ் ஹிம்.'

கேள்வி: 'ஹவெவர்'?

பதில்: அது 'பட்' மாதிரி இரண்டு வாக்கியங்களை ஒட்டாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வையுங்கள், காற்புள்ளி போதாது.

கேள்வி: சிறுகதை எழுதுகிறேன் ஐயா. வெளியே ஒன்று சொல்லி உள்ளே வேறு நினைக்கும் ஆளைக் காட்ட ஒவ்வொரு முறையும் 'ஹி தாட்' போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆங்கிலக் கதைகளில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. '"ஆஃப் கோர்ஸ் ஐ வில் கம்," ஹி செட். பட் வாட் வுட் ஹி வேர் டுமாரோ?' கடைசி வாக்கியத்தில் 'ஹி தாட்' இல்லை. ஆனாலும் அது அவன் மனசு என்று புரிகிறது. அவன் மனதில் ஓடியது 'வாட் வில் ஐ வேர் டுமாரோ?' என்பதுதான். அதில் 'வில்' என்பது 'வுட்' ஆகவும், 'ஐ' என்பது 'ஹி' ஆகவும் மாறியிருக்கிறது. 'டுமாரோ' மட்டும் அவன் நினைத்தபடியே நிற்கிறது. அந்தக் கேள்விக்குறியும் அவனுடையதுதான். கதைசொல்லியின் இலக்கணமும் அவன் பதற்றமும் ஒரே வரியில் சேர்ந்துவிடுகின்றன. அடுத்த வரியிலேயே அவன் என்ன செய்தான் என்று நேராகச் சொல்லி வெளியே வந்துவிடுங்கள். அதிலேயே நாலு பத்தி ஓட்டினால் எது அவன் நினைப்பு, எது நடந்தது என்று தெரியாமல் போய்விடும்.